முன்னூறு ரூபாய்

"முன்னூறு ரூபா டெபாசிட் கட்டி நிக்க வச்ச கழுதை, நம்மகிட்டயே கணக்குக் கேக்குது பாரு."

2020 ஜூன் மாதம், ஊராட்சி அலுவலக வாசலில், பத்துப் பேர் பார்க்க இதைச் சொன்னவர் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு அய்யா. கேட்டுக்கொண்டு நின்றவள் நான். அந்த ஊராட்சியின் தலைவர். பதவிக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு இந்தப் பேச்சை டீக்கடையில் கேட்டேன், ரேஷன் வரிசையில் கேட்டேன், என் வீட்டுக்காரரைக் கேலி பேசும்போது கேட்டேன். அதனால் அந்த முன்னூறு ரூபாயில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஊர் பேரைச் சொல்லமாட்டேன். நான் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். மதுரைக்குக் கிழக்கே, கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒரு போகம் விளையும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலில் முக்கால்வாசி பெரிய வீட்டுப் பங்காளிகள் கையில். காலனியில் நாங்கள் தொண்ணூறு வீடு.

தலைவர் பதவி ஆதிதிராவிடர் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். 2016-லேயே நடந்திருக்கவேண்டிய தேர்தல், கோர்ட்டு கேஸ் என்று மூன்று வருஷம் இழுத்து 2019 டிசம்பரில்தான் வந்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் பதவிக்கு யார் என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் எங்கள் ஆட்கள் நாலு பேர், அவர்களும் ஓரமாக நின்றபடி. என் பெயரைச் சொன்னது அய்யாதான். நான் அவர் வயலில் நடவுக்கும் களைக்கும் போகிறவள். என் வீட்டுக்காரர் அவர் டிராக்டர் டிரைவர். இதைவிடத் தோதான ஆள் கிடைக்குமா? "நீ நில்லு புள்ள, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்றார். தலைவருக்கு நிற்க டெபாசிட் 600 ரூபாய், எங்களுக்குப் பாதி, 300. அதை அவரே கட்டினார். எங்கள் தெருவில் இன்னொரு பெண்ணும் மனு போட்டிருந்தாள். ஒரு ராத்திரியில் அவளை வாபஸ் வாங்க வைத்துவிட்டார்கள். ஆக எனக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. போட்டியே இல்லாமல் ஜெயித்தேன்.

ஒத்துக்கொண்டது என் தப்புத்தான். இதைப் பூசி மெழுக எனக்கு விருப்பம் இல்லை.

மனுவில் என்னைப் பற்றி எழுதும் இடம் ஒன்று இருந்தது. படிப்பு: பத்தாம் வகுப்பு. கணக்கில் பெயில் என்பதைக் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர்கள் சொல்வார்கள். வழக்கு: இல்லை. சொத்து: அரைப் பவுன் தோடு, இரண்டு ஆடு. அப்பாவைப் பற்றி அதில் கேட்கவில்லை. என் அப்பாதான் ஊருக்குத் தண்டோரா போட்டவர். சாவு விழுந்தால், கண்மாய் மடை திறந்தால், பஞ்சாயத்துக் கூட்டம் என்றால், தெருத் தெருவாகப் போய்க் கொட்டி அடித்துச் சொல்ல வேண்டியது அவர் வேலை. கூலி, அறுப்புக்கு அறுப்பு கொஞ்சம் நெல்.

நான் மனு போட்ட அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "மேலவளவு தெரியும்ல தாயீ?" என்றார்.

தெரியாமலா? எனக்கு அப்போது பதினெட்டு வயது. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் ரேடியோவில் பாட்டுக் கேட்பதைக்கூட நிறுத்தியிருந்த வாரம் அது. மேலவளவு ஊராட்சியை எங்களுக்கு ஒதுக்கினார்கள். நிற்கக் கூடாது என்றார்கள் மேல்சாதிக்காரர்கள், முருகேசன் நின்றார், 1996 கடைசியில் ஜெயித்தார். 1997 ஜூன் 30, திங்கட்கிழமை. வீடு எரிந்தவர்களுக்கு நிவாரணம் கேட்டு மதுரைக்குப் போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பினார். ஊருக்குப் பக்கத்தில் பஸ்ஸை மறித்து அவரையும் கூட வந்தவர்களையும் வெட்டினார்கள். துணைத் தலைவர் மூக்கனையும் சேர்த்து ஆறு உயிர். முருகேசன் தலையை அறுத்துக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார்கள். பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை என்று கோர்ட்டு சொன்னது. 2008-ல் மூன்று பேரை விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பதின்மூன்று பேரை 2019 நவம்பரில் நன்னடத்தை என்று அரசாங்கம் வெளியே அனுப்பியது. நவம்பரில் அவர்கள் வெளியே. டிசம்பரில் நான் மனு போடுகிறேன். அப்பா சாப்பிடாததில் என்ன ஆச்சரியம்?

2020 ஜனவரி 6-ஆம் தேதி உறுதிமொழி எடுத்தேன். 11-ஆம் தேதி துணைத் தலைவர் தேர்தல். அய்யாவின் மகன் வந்தார். நாங்கள் சின்னய்யா என்போம். என்னைவிட ஒன்பது வயது இளையவர். என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஜனவரி 26 கிராம சபை. அதற்கும் தண்டோரா போட்டது என் அப்பாதான். எழுபது வயது மனுஷன், தன் மகள் தலைவராக நடத்தப்போகும் கூட்டத்துக்கு, மகள் பேரைச் சொல்லாமல், "பெரிய வீட்டு அய்யா சொல்றாக, எல்லாரும் வரணும்" என்று அடித்துக்கொண்டு போனார். கொடி ஏற்றியது சின்னய்யா. கயிறு சிக்கிக்கொண்டால் எனக்கு எடுக்கத் தெரியாதாம். நான் காலனிப் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானாகத்தான் உட்கார்ந்தேன். நாற்பது வருஷப் பழக்கம், கால் தானாக மடங்குகிறது.

அந்த வருஷம் அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கும் படம் நாடு முழுக்கப் போனது. இரண்டு நாள் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. யூனியன் ஆபீசில் இருந்து போன் வந்ததாம். கிளர்க்கு அதைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க தலைவரம்மா" என்றார். நாற்காலிக் குறை அன்றோடு தீர்ந்தது. ஒரு படம் தீர்த்துவைத்தது. என்னுடைய மற்ற குறையை யாராலும் படம் பிடிக்க முடியாது. அது செக் புத்தகத்துக்குள் இருந்தது.

ஊராட்சிப் பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். தலைவர் ஒன்று, துணைத் தலைவர் ஒன்று. விதி தப்பு என்று சொல்லமாட்டேன். ஒற்றை ஆள் சுருட்டிவிடக் கூடாதென்று வைத்தது. ஆனால் எங்கள் ஊர் மாதிரி இடத்தில் அதற்கு அர்த்தம் என்ன? அரசாங்கம் எனக்குக் கொடுத்தது பாதிக் கையெழுத்து. மறு பாதி, எந்த வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்தேனோ அந்த வீட்டில் இருந்தது.

முதல் மூன்று மாதம் கிளர்க்கு காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கம், அடியில் ஒரு பென்சில் புள்ளி. அங்கே போட வேண்டும். ஊரடங்கு வந்தது. வேலை இல்லை, பொழுது போகவில்லை. பழைய பில்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். காலனிக்கு எட்டு எல்.இ.டி. விளக்கு மாட்டியதாக ஒரு பில் இருந்தது. நான் குடியிருக்கிற தெரு. விளக்கு மூன்றுதான், அதிலும் ஒன்று எரியாது. "மிச்சம் அஞ்சு எங்கண்ணே?" என்று கிளர்க்கிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் அய்யாவே வந்துவிட்டார். அன்றைக்குச் சொன்னதுதான் மேலே நான் எழுதிய அந்த முதல் வரி.

மறுநாள் என் வீட்டுக்காரரிடம் டிராக்டர் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்கு நடவு இல்லை. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் தெருவில் இருந்து நடவுக்குப் போன இருபது பெண்களையும் நிறுத்தி, கூலியாட்களை வெளியூரில் இருந்து வேனில் கூட்டி வந்தார்கள். "நீ கேட்ட விளக்கு வெளிச்சத்துல நாங்க என்னத்தத் திங்க, மதினி?" என்று என் நாத்தனாரே கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்ல? நியாயம்தான் அவள் கேட்டது.

போலி பில்லில் நான் கையெழுத்துப் போட மறுத்தேன். உடனே தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டர் சம்பளத்திலும் தூய்மைக் காவலர்கள் கூலியிலும் சின்னய்யா கையெழுத்துப் போட மறுத்தார். அவர்கள் எல்லாம் என் சனம். இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் தொட்டி ஆபரேட்டர் என் வீட்டு வாசலில் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். மூன்று முறை, தெரிந்தே, போலி பில்லில் கையெழுத்துப் போட்டேன். அதைப் போட்டால்தான் இதைப் போடுவேன் என்றார் சின்னய்யா. நாளைக்குத் தணிக்கை வந்து கேட்டால் என் தலையும் உருளும். உருளட்டும். தொட்டி ஆபரேட்டர் வீட்டில் அந்த மாதம் அரிசி வந்தது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதை எல்லாருக்கும் தெரியும். 1996-ல் எங்களுக்கு ஒதுக்கியும் பத்து வருஷம் அங்கே தலைவரை உட்காரவே விடவில்லை. மனு போட ஆள் வராது. இல்லாவிட்டால் மேல்சாதிக்காரர்களே ஒருவரை நிறுத்தி ஜெயிக்க வைப்பார்கள், ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. 2021-ல் முதலமைச்சர் ஸ்டாலினே பாப்பாபட்டி கிராம சபைக்கு வந்து உட்கார்ந்தார். பேப்பரில் படத்தைப் பார்த்துக்கொண்டே நான் நினைத்தேன், எங்கள் ஊர்க்காரர்கள் எவ்வளவு சூதானம்! தேர்தலை நிறுத்தவில்லை, பிரச்சினையான ஊர் என்ற பட்டியலில் வரவில்லை, எந்த மந்திரியும் எட்டிப்பார்க்க வேண்டிய அவசியம் வைக்கவில்லை. ஐந்து வருஷமும் தலைவர் உண்டு, நாற்காலி உண்டு, சுவரில் என் பெயர்கூடப் பெயின்டில் எழுதியிருந்தது. தாழையூத்துத் தலைவர் கிருஷ்ணவேணியை 2011 ஜூனில் வெட்டிப் போட்டார்கள், உயிர் பிழைத்தார். என் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதனால்தான் நான் போன இடத்தில் எல்லாம் "உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டார்கள்.

ஜெயித்தவர்களிடம் உங்கள் ஊருக்கு முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்பது வழக்கம். என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒன்றே ஒன்றைச் சொல்லியிருப்பேன். சுடுகாட்டுப் பாதை.

எங்கள் சுடுகாடு பெரிய வீட்டு வயலுக்கு அந்தப் பக்கம். கிராம வரைபடத்தில் அங்கே வண்டிப்பாதை இருக்கிறது, அரசாங்கப் புறம்போக்கு. இரண்டு தலைமுறையாக உழுது உழுது அது வரப்பாகிவிட்டது. கோடையில் பிணம் எடுத்தால் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் செத்தவர் பாவம் செய்தவர். பாடை தூக்குகிற நாலு பேரில் இரண்டு பேர் சேற்றில் இறங்கித்தான் நடக்க வேண்டும். நெற்பயிரை மிதித்தால் அதற்கு வேறு அபராதம்.

2021 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டேன். அந்த ஒரு நாள் காலனியே எழுந்து வந்திருந்தது, கிளர்க்கு எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. சர்வேயர் வந்து அளந்து கல் ஊன்றினார். மறுநாள் காலையில் கல் இல்லை. மறுபடி அளக்க ஏழு மாதம். பிறகு ஒரு ஜேசிபிக்காரரைப் பிடித்து கருவேல முள்ளைத் தள்ளவைத்தேன். ஒன்றரை நாள் ஓட்டினார். இரண்டாம் நாள் மத்தியானம் நாலு பேர் வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஓடிய ஒன்றரை நாள் வாடகைக்குச் செக் எழுதி என் கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன். சின்னய்யா மேசை அறையில் அது தூங்கியது. செக்குக்கு ஆயுசு மூன்று மாதம். மூன்று முறை காலாவதி ஆனது, மூன்று முறை புதிதாக எழுதினேன். ஜேசிபிக்காரர் கடைசியில் என் காலில் விழாத குறை. நான் தோட்டை அடகு வைத்துப் பாதிப் பணம் கொடுத்தேன். அதற்கப்புறம் எங்கள் ஊராட்சி வேலை என்றால் யாரும் வண்டி கொண்டுவருவதில்லை.

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். பதினோரு தடவை போனேன். திரும்பி வரும் பஸ்ஸில் எங்காவது வேகம் குறைந்தாலே வயிற்றைப் பிசையும். முருகேசன் போனதும் திங்கட்கிழமைதானே. என் மனு கலெக்டர் ஆபீசில் இருந்து யூனியன் ஆபீசுக்கு வரும். அங்கே, "அனுசரிச்சுப் போங்கம்மா, நாளப்பின்ன அந்த ஊர்லதான நீங்க இருக்கணும்" என்று சொல்லி அனுப்புவார்கள். எல்லோரும் இதையே நல்ல எண்ணத்தோடு சொன்னார்கள் என்பதுதான் கொடுமை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது என்று ஒரு வக்கீல் தம்பி சொன்னார். ஊராட்சிப் பதவியில் இருக்கும் தலித்தை வேலை செய்யவிடாமல் தடுப்பதே குற்றம், மூன்றாவது பிரிவில் வருகிறது, 2016-ல் இருந்து நடைமுறையில் இருக்கிறது என்றார். அதை எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். "செக்குல கையெழுத்துப் போடலங்கிறதுக்கெல்லாம் பி.சி.ஆர். போட முடியுமா?" என்று சிரித்தார்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், கல்யாணப் போட்டோவோடு.

புகார் கொடுத்த மாதமே வார்டு உறுப்பினர்கள் ஒன்பதில் ஆறு பேர் என்மேல் மனுக் கொடுத்தார்கள். நான் நிர்வாகம் செய்யத் தகுதியில்லாதவள், ஊராட்சிப் பணிகளை முடக்கிவிட்டேன், பதவியில் இருந்து நீக்க வேண்டும் என்று. ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு நோட்டீஸ் எனக்கு வந்தது. எனக்கான பிரிவில் ரசீது, அவர்களுக்கான பிரிவில் நோட்டீஸ். தாசில்தார் கூட்டம் போட்டு எழுதிக்கொண்டு போனார். அந்த பைல் மேலே போய் முடிவாகாமலே என் பதவிக்காலம் முடிந்துவிட்டது.

நல்லது ஒன்றும் நடக்கவே இல்லை என்று சொன்னால் வாய் வேகும். 2022 ஆகஸ்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தலித் தலைவர்கள் கொடி ஏற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி எல்லாக் கலெக்டர்களுக்கும் எழுதினார். ஆகஸ்ட் 15 அன்று போலீஸ் வந்தது, பி.டி.ஓ. வந்தார். கொடி ஏற்றினேன். கயிறு சிக்கவில்லை. அப்பா கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அதே மாதம்தான் தண்டோரா போடுவதற்கும் தடை வந்திருந்தது. கொட்டு இல்லாமல் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற அப்பா எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறார். ஜீப் கிளம்பிப் போன பிறகு, நான் கொடுத்த மிட்டாயைப் பிள்ளைகள் கையில் இருந்து அவர்கள் ஆத்தாக்கள் பிடுங்கி ஓடையில் எறிந்தார்கள். பிள்ளைகள் அழுதன. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

2023 கார்த்திகையில் அப்பா இறந்தார். மூன்று நாள் மழை. ஊரில் விழுந்த அத்தனை சாவுக்கும் அடித்தவர், அவருக்கு நாலு பேர் அடித்தார்கள். பாடை வயலுக்குப் போனதும் கொட்டு நின்றுவிட்டது, வரப்பில் அடித்துக்கொண்டு நடக்க முடியாது. முழங்கால் சேறு. முன்னால் தூக்கிய என் தம்பி மகன் வழுக்கி உட்கார்ந்தான், பாடை சாய்ந்தது, அப்பாவின் ஒரு கை வெளியே வந்து தண்ணீரில் பட்டது. பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்பார்கள், நான் வயல் ஓரம்வரை போயிருந்தேன், பார்த்துவிட்டேன். நான் ஊராட்சித் தலைவர். அந்தப் பாதைக்கான தீர்மானத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அப்பாவின் கையைத் தூக்கி உள்ளே வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கருமாதி முடிந்து அய்யா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். எட்டுக் குழி நெற்பயிர் நாசமாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெயித்தவர்களுக்கு டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. 2020 பிப்ரவரியிலேயே ஒரு தாளில் கிளர்க்கு என் கையெழுத்தை வாங்கிப்போய், பணத்தை எடுத்து, பெரிய வீட்டில் கொடுத்துவிட்டார். "முன்னூறு ரூபா கட்டி நிக்க வச்ச கழுதை" என்று என்னைச் சொன்ன அன்றைக்கு அந்த முன்னூறு அவர் பெட்டியில் இருந்தது. ஐந்து வருஷம் நான் படாத கடனுக்குப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் காலம் முடிந்தது. அலுவலகச் சாவியையும் சீலையும் ஒப்படைத்தேன். இப்போது தனி அலுவலர் நிர்வாகம். செக் எல்லாம் ஒழுங்காகப் போவதாகச் சொல்கிறார்கள். சுவரில் என் பெயர் மேல் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. சிவப்பு நாற்காலி கிளர்க்கிடம் இருக்கிறது. பாதை வரப்பாகவே கிடக்கிறது, ஜேசிபி தள்ளிய இடத்தில் கருவேலம் மறுபடி இடுப்பு உயரம் வந்துவிட்டது.

நான் ராமநாதபுரம் பக்கம் மிளகாய்ப் பழம் எடுக்கப் போகிறேன், வாரத்துக்கு நாலு நாள். முதல் வாரக் கூலியில் மூன்று நூறு ரூபாய்த் தாளை எடுத்து சி.எஸ்.ஆர். ரசீதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். என் டெபாசிட்டை இந்த முறை நானே கட்டுவேன். வாபஸ் வாங்கிய அந்தப் பெண்ணிடமும் பேசிவிட்டேன், வார்டுக்கு அவள் நிற்கிறாள். இன்னும் நாலு வார்டுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வார்டில் நாங்கள் ஐந்து பேர் வந்தால் துணைத் தலைவரும் எங்கள் ஆள், மறு பாதிக் கையெழுத்து எங்கள் தெருவுக்கு வந்துவிடும்.

தேர்தல் எப்போது என்று யாராவது சொல்லுங்கள்.